கலப்பற்றுளி

கடல் கடந்து பொருள் தேடச் சொன்ன மூதாட்டியின் அறிவுரையை எடுத்துக்காட்டாத தமிழ் மேடை இல்லை. கடாரம் கொண்ட சோழனைப் போற்றாத சங்க மலரும் இல்லை. நாவாய், வங்கம், கலம், தோணி, அம்பி, ஓடம், திமில், பஃறி எனக் கடலிலும் ஆற்றிலும் ஓடியவற்றுக்கு நம் மொழியில் இத்தனை பெயர்கள் உண்டெனச் சொல்லி நாம் மகிழ்கின்றோம். மகிழ வேண்டியதே. ஆயினும் ஓடிய கலத்தைச் செய்தவன் யார், அவன் கையிலிருந்த கருவி யாது, அதனை அவன் எவ்வாறு பிடித்தான் என்று நாம் கேட்பது அரிது. வென்ற வேந்தனுக்கு மெய்க்கீர்த்தி உண்டு. சரக்கேற்றிய வணிகனுக்குக் கல்வெட்டு உண்டு. கலம் செய்த தச்சனுக்கோ இரண்டும் இல்லை.

அவனுக்கென எஞ்சியது அவனுடைய கருவி ஒன்றே. அதனை எழுத்தில்லாத ஏடு எனலாம். அந்த ஏட்டைப் படிக்கத் தெரியாமல் அதில் ஒரு பக்கத்தை யாமே கிழித்துவிட்ட செய்தியையும், எஞ்சிய பக்கங்களைப் படிக்க முயன்ற செய்தியையும் ஈண்டுச் சொல்ல விழைகின்றோம்.

கடலில்லா நகரில்

புனே நகரம் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 560 மீட்டர் உயரத்தில், சஹ்யாத்திரி மலைக்குக் கிழக்கே அமைந்தது. அலையோசை கேட்க விரும்புவோர் மலை கடந்து கொங்கணத்துக்கு இறங்க வேண்டும். இத்தகைய ஊரில் கப்பல் தச்சனின் கருவிக்கு என்ன வேலை என்று ஐயுறுவோர் இருக்கலாம். புனேக்கும் கடலுக்கும் உள்ள உறவு நாம் எண்ணுவதினும் நெருக்கமானது. 1756ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் விஜயதுர்க்கத்தில் துளாஜி ஆங்கரேயின் கப்பற்படை எரிந்து அழிந்தபோது, ஆங்கிலக் கும்பினியாரோடு கைகோத்து நின்றவர் இந்நகரில் வீற்றிருந்த பேஷ்வாவே. மராட்டியக் கடலாண்மையின் முதுகெலும்பு முறிந்த வரலாற்றில் புனேயின் கையும் உண்டு. நம் காலத்திலோ, 1916ஆம் ஆண்டு தோன்றிக் கடக்வாஸ்லாவில் வளர்ந்த மத்திய நீர், மின் ஆராய்ச்சி நிலையத்தில் நாட்டின் துறைமுகங்கள் பலவற்றைச் சிறு வடிவில் அமைத்து, அவற்றில் அலையெழுப்பி ஆய்வு செய்து வருகின்றனர். லோணாவளாவில் 1945ஆம் ஆண்டு தொடங்கிய ‘சிவாஜி’ பயிற்சி நிலையத்தில் கடற்படைப் பொறிஞர் உருவாகின்றனர். கடல் இவ்வூருக்கு வரவில்லையே தவிர, கடலைப் பற்றிய எண்ணம் இவ்வூரை விட்டு நீங்கியதில்லை.

போர் மலைக்கணவாய் வழியே இருப்புப்பாதை 1863ஆம் ஆண்டு திறக்கப்பட்டது முதல், மும்பைத் துறையில் வந்திறங்கியவையும் அங்கே வேண்டாமென்று கழிக்கப்பட்டவையும் மலையேறிப் புனேக்கு வந்துகொண்டே இருந்தன. அவ்வாறு வந்தவற்றில் ஒரு பகுதி, புதனும் ஞாயிறும் கூடிவந்த ‘ஜூனா பஜார்’ என்னும் பழம்பொருட் சந்தையில் தரையில் விரித்த சாக்கின்மேல் கிடந்தது. பித்தளைப் பூட்டு, ஓடாத கடிகாரம், பட்டாளத்துக் குடுவை, கைப்பிடியிழந்த சுத்தியல் என அங்கே காணாத பொருளில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் யாம் அங்கே ஐந்து இரும்புகளை எடைக்கு எடை வாங்கினோம். மும்பையில் கலைக்கப்பட்ட ஒரு பட்டறையின் கழிவிரும்போடு வந்தவை அவை என்பதற்கு மேல் விற்பவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

அகன்ற வாயுடைய உளிகள் இரண்டு, நீண்ட தலையும் இரும்புப் பூணும் உடைய மரக் கொட்டாப்புளி ஒன்று, வாச்சி ஒன்று, முனை வளைந்த கொக்கியிரும்பு ஒன்று. இவையே யாம் பெற்ற செல்வம்.

யாம் செய்த பிழை

உளிகள் இரண்டும் முற்றும் மழுங்கியிருந்தன. விரலை வைத்து அழுத்தினாலும் வெட்டா. வாயின் விளிம்பு ஒரு நாணயத்தின் விளிம்பைப் போலத் தடித்து, அதன் நடுவே நீளவாக்கில் மெல்லிய பள்ளம் ஓடியது. மரப்பிடியும் இல்லை; தலை முதல் வாய் வரை ஒரே இரும்பு. தலைப்பகுதி பல்லாண்டு அடிபட்டு, காளான் குடைபோல் விரிந்து மடிந்திருந்தது. ‘பட்டாசி’ என்று மராத்தியில் உளிக்குரிய பெயரைச் சொல்லி, சாணை பிடித்தால் நன்றாக வெட்டும் என்றார் விற்றவர். யாமும் நம்பினோம். பழுதான கருவியைப் பழைய கூர்மைக்குக் கொணர்வதன்றோ புதுப்பித்தல் என்று எண்ணி, ஓர் உளியைச் சாணைக்காரரிடம் கொடுத்தோம். பொறி பறந்தது. கால் மணி நேரத்தில் பள்ளம் மறைந்து, பளபளக்கும் கூர்வாய் தோன்றியது. பெருமையோடு வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

அடுத்த வாரம் எம்மைக் காண வந்தார் ஒரு பெரியவர். கடலூர்ப் பக்கத்தில் தோணி கட்டும் குடும்பத்தில் பிறந்து, இளமையிலேயே வடக்கே வந்து, கட்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மேசைமேல் கிடந்த இரண்டு உளிகளையும் மாறி மாறிப் பார்த்தார். தீட்டியதை ஒதுக்கிவைத்துவிட்டுத் தீட்டாததைக் கையில் எடுத்தார்.

“தம்பி, இதையாவது சாணைக்குக் குடுத்துடாதீங்க. இது வெட்டுற உளி இல்ல, அடைக்கிற உளி” என்றார்.

“அப்படியானால் மற்றது, ஐயா?” என்றோம்.

“அது இனிமே எதுக்கும் உதவாது” என்றார்.

அடைக்கும் கலை

மரக்கலத்தின் பக்கங்கள் பலகைகளால் ஆனவை. எத்துணை நுணுக்கமாய் இழைத்துச் சேர்த்தாலும் பலகைக்கும் பலகைக்கும் இடையே இடுக்கு உண்டு. அந்த இடுக்கில் நீர் புகாமல் அடைப்பதே கலப்பற்று. எண்ணெயில் தோய்த்த பருத்தித் திரியையோ, பழங்கயிற்றைப் பிரித்தெடுத்த நாரையோ இடுக்கின் நெடுகிலும் வைத்து, அதன்மேல் இந்த உளியைப் பொருத்திக் கொட்டாப்புளியால் அடிப்பர். உளி கூராயிருந்தால் திரியை அறுத்துவிடும். அறுந்த திரி கடலில் கழன்று போகும். ஆகவே அதன் வாய் மழுங்கியே இருத்தல் வேண்டும். விளிம்பிலுள்ள பள்ளமோ திரியைக் கவ்விப் பக்கங்களில் பிதுங்காமல் உள்ளே செலுத்துவதற்காக இடப்பட்டது. யாம் குறையென்று கருதிய இரண்டும், அதாவது மழுங்கலும் பள்ளமும், அக்கருவியின் உயிராயிருந்தன. அவ்வுயிரையே யாம் கால் மணி நேரத்தில் போக்கினோம்.

இடுக்கை அடைப்பது எளிய வேலையன்று. மரம் நீரில் ஊறினால் பருக்கும். திரியை அளவுக்கு மிஞ்சி இறுக்கினால், பருத்த பலகைகள் ஒன்றையொன்று தள்ளி ஆணியினின்றும் நெகிழும். அளவுக்குக் குறைந்தால் நீர் கசியும். எந்த அடியில் நிறுத்துவது என்பதை எந்த அளவுகோலும் சொல்லாது. அதைக் காது சொல்லும். கொட்டாப்புளியின் நீண்ட தலையில் நெடுகப் பிளந்த துளைகள் இருந்தன. வெடிப்பென்று எண்ணி அவற்றையும் மரத்தூளும் பசையும் இட்டு அடைக்க இருந்தோம். நல்லவேளையாகப் பெரியவர் முந்திக்கொண்டார். அப்பிளவுகள் அடியின் அதிர்வைத் தணிப்பவை. அடியின் ஓசையை மணிபோல் எழச் செய்பவையும் அவையே. திரி தளர்ந்திருக்கும்போது ஓசை மந்தமாயிருக்கும். இறுக இறுக ஓசை உயரும். நிறைவெய்தியதும் கணீரென ஒலிக்கும். பெரிய கப்பற்கட்டுந்துறைகளில் வரிசையாய் அமர்ந்து பலர் அடிக்கும்போது, தன் அடியின் ஓசையைத் தனியே பிரித்துக் கேட்கத் தெரிந்தவனே வல்லவன் எனப்பட்டான்.

வளைந்த கொக்கியிரும்பின் பயனும் அப்போதே விளங்கிற்று. கலத்தைக் கரையேற்றிப் பழுது பார்க்கும்போது, நைந்துபோன பழைய திரியை இடுக்கினின்றும் இழுத்தெடுப்பதற்குரியது அது. பழையதை எடுக்காமல் புதியதைத் திணிப்பவன் கலத்துக்குப் பகைவன். கலம் ஒரு முறை கட்டி முடிக்கப்படுவதன்று. பழையதை எடுத்துப் புதியதை அடைத்து, மீண்டும் மீண்டும் கட்டப்படுவது. அடைத்த இடுக்கின்மேல் குங்கிலியமும் எண்ணெயும் சேர்ந்த கலவையைப் பூசுவர். நீர்மட்டத்துக்குக் கீழே மரத்தைத் துளைக்கும் கடற்புழுவைத் தடுக்கச் சுண்ணாம்பும் எண்ணெயும் கலந்த பூச்சும் நம் கடற்கரைகளில் வழங்கி வந்தது.

‘கலப்பற்று’ என்னும் சொல்லே ஒரு வரலாறு. போர்ச்சுகீசிய மொழியில் கப்பலின் இடுக்கை அடைப்பவனைக் ‘கலபாத்தே’ என்பர். இதே சொல் ஒலி திரிந்து இத்தாலியர், கிரேக்கர், அராபியர் வாயிலும் வழங்கியது. மத்தியதரைக் கடலில் பல துறைகளைக் கண்ட சொல், போர்ச்சுகீசியக் கப்பலேறி நம் கரைக்கு வந்தது. நம் தச்சர்கள் அதனைத் தம் நாவுக்கு இசையக் ‘கலப்பற்று’ என்றாக்கினர். கலத்தைப் பற்றிக்கொண்டிருப்பது என்று பொருள் கொள்ளும்படி அது தமிழாகிவிட்டது. கலப்பற்றுக்காரன், கலப்பற்றுளி என்னும் சொற்களைப் பழைய தமிழ் அகராதிகளில் காணலாம். பாரசீகத்து லங்கர் நமக்கு நங்கூரம் ஆயிற்று. அராபியரின் சுக்கான் அப்படியே சுக்கான் ஆயிற்று. அவர்களுடைய முஅல்லிம் மாலுமி ஆனான். நாமும் வெறுங்கையராய் இருந்துவிடவில்லை. நம் கட்டுமரத்தை உலக மொழிகளுக்கு அளித்தோம். துறைமுகத்தில் சரக்கு மட்டும் கைமாறுவதில்லை.

வாச்சியின் இரு பிறப்பு

ஐந்தனுள் எம்மைப் பெரிதும் சிந்திக்க வைத்தது வாச்சி. மண்வெட்டி போல் குறுக்கே அமைந்த வாயால் மரத்தைச் செதுக்கும் கருவி இது. மராத்தியர் ‘வாகஸ்’ என்பர். துருவை நீக்கியபோது இரும்பில் ‘ஷெப்பீல்டு’ என்னும் இங்கிலாந்து நகரின் பெயர் மங்கலாய்த் தெரிந்தது. அதன் பின்புறத்தில் ஆணி போன்ற முனை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. ஐரோப்பியக் கப்பல் தச்சரின் வாச்சிக்கு உரிய அடையாளம் அது. பலகையைச் செதுக்கும்போது ஆணித்தலை குறுக்கிட்டால், கருவியைத் திருப்பி அம்முனையால் ஆணியை உள்ளே இறக்கிவிடுவர். வாய் சிதையாது தப்பும்.

ஐரோப்பியத் தச்சன் இக்கருவிக்கு நீண்ட காம்பு இட்டு, நின்றுகொண்டு தன் காலடியிலுள்ள மரத்தைச் செதுக்குவான். யாம் பெற்ற வாச்சியின் காம்போ ஒரு முழத்துக்கும் குறைவு, கருவேல மரத்தாலானது. இந்தியத் தச்சன் குந்தியிருந்து, மரத்தைக் காலால் அழுத்திப் பிடித்து, குறுங்காம்பு வாச்சியால் தன்னை நோக்கிச் செதுக்குவான். காலே அவனுக்குப் பிடிப்புக் கருவி. ஆக, ஷெப்பீல்டில் பிறந்த இரும்பு இங்கே வந்து மறுபிறப்பு எடுத்திருக்கின்றது. எவனோ ஒரு தச்சன் அயலிரும்பின் தரத்தை ஏற்றுக்கொண்டான். அயலானின் நிலையை ஏற்கவில்லை. கருவிக்காகத் தன் உடலை மாற்றிக்கொள்ளாமல், தன் உடலுக்கு இசையக் கருவியை மாற்றினான்.

காம்பின் நடுவே கட்டைவிரல் பதிந்த இடம் வழுவழுப்பாகத் தேய்ந்திருந்தது. மூல வடிவத்துக்குக் கொணர்கின்றோம் என்று படத்தில் கண்டபடி நீண்ட காம்பு இட்டிருப்போமானால், இரண்டாம் உளியையும் சாணையில் இட்டதற்கு ஒப்பாகும். கருவி தொழிற்சாலையை விட்டு வெளிவந்த நாளைவிட, அது ஒருவன் கையில் உழைத்த நாட்கள் வரலாற்றில் பெரியவை.

பெயர் பெற்ற கப்பல்களும் பெயரிலாத் தச்சரும்

இத்தகைய கருவிகள் உழைத்த களங்களுள் தலையாயது மும்பைக் கப்பல்துறை. 1736ஆம் ஆண்டு சூரத்திலிருந்து லௌஜி நசர்வான்ஜி வாடியா என்னும் பார்சித் தச்சர் சில தொழிலாளரோடு மும்பைக்கு வந்தார். 1750ஆம் ஆண்டு அங்கே கல்லாலான உலர்துறை அமைந்தது. அவர் வழியினர் தலைமுறை தலைமுறையாய் அத்துறையின் தலைமைத் தச்சராய் விளங்கினர். தலைமைத் தச்சருக்குச் சால்வையோடு வெள்ளி அளவுகோல் ஒன்றையும் அளித்துச் சிறப்புச் செய்வது கும்பினியாரின் வழக்கமாயிருந்தது. கருவியையே விருதாக வழங்கிய அம்மரபு எண்ணத்தக்கது.

ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா கட்டிய ‘கார்ன்வாலிஸ்’ என்னும் போர்க்கப்பல் 1813ஆம் ஆண்டு நீரில் இறங்கியது. 1842ஆம் ஆண்டு சீனத்துக்கும் பிரிட்டனுக்கும் இடையே நான்கிங் உடன்படிக்கை கையொப்பமானது அக்கப்பலின் மேல்தான். அவரே கட்டிய இன்னொரு கப்பலின் பெயர் தமிழர் செவிக்கு இனியது. 1817ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் மும்பையில் நீரில் இறங்கிய அதன் பெயர் ‘டிரிங்கோமலி’. அதாவது நம் திருகோணமலை. மலையாளக் கரைக் காடுகளின் தேக்கால் ஆனது. இங்கிலாந்தின் ஓக்கு மரத்திலுள்ள புளிப்பு இரும்பாணியை அரிக்கும். தேக்கின் எண்ணெய்ப் பசையோ ஆணியைக் காக்கும். மரத்தின் இக்குணமும் தச்சரின் கைத்திறமும் சேர்ந்ததன் பயனை இன்றும் காணலாம். பின்னாளில் பயிற்சிக் கப்பலாய் நெடுங்காலம் உழைத்து ஓய்ந்த அக்கலத்தை 1990ஆம் ஆண்டு முதல் 2001ஆம் ஆண்டு வரை இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில் செம்மைப்படுத்தினர். இன்று அது அந்நகரில் நீரில் மிதந்தவண்ணம் காட்சி தருகின்றது. பிரிட்டனின் போர்க்கப்பல்களுள் இன்றும் மிதப்பவற்றில் அதுவே மூத்தது.

வாடியா குடும்பத்தாரின் பெயர்களை வரலாறு மறக்கவில்லை, அது தக்கதே. ஆனால் திருகோணமலையின் பெயர் தாங்கிய அக்கப்பலின் இடுக்குகளை ஒரு முழம் ஒரு முழமாக அடைத்தவர்கள் யார்? அவர்களுள் கொங்கணத்தார் எத்தனை பேர், கூர்ச்சரத்தார் எத்தனை பேர், தென்கரையிலிருந்து வந்தோர் எத்தனை பேர்? பெயர் நிலைத்தது கப்பலுக்கும் அதன் தலைமைத் தச்சருக்கும். உளி பிடித்தவரின் கைத்தடம் உளியின் தலையில் மடிந்த இரும்பாக மட்டுமே நிற்கின்றது.

நம் கரையில்

இனி நம் கரைக்கு வருவோம். திருகோணமலைக் கப்பல்துறையில் தலைமைத் தச்சராயிருந்த ஜான் எடி என்னும் ஆங்கிலேயர், சோழமண்டலம், மலையாளம், இலங்கை ஆகிய கரைகளின் கலங்களைப் பற்றி எழுதிய விரிவான கட்டுரை 1834ஆம் ஆண்டு வெளியாயிற்று. தோணியும் கட்டுமரமும் சென்னைக் கரையின் மசூலாப் படகும் அதில் இடம் பெற்றன. மசூலாவில் இரும்பாணி இல்லை. பலகைகளின் விளிம்பில் துளையிட்டுத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பர். துறைமுகம் இல்லாத சென்னையில் கரைமோதும் பேரலைகளின்மேல் ஆட்களையும் சரக்கையும் கொண்டு சேர்த்தவை இவையே. ஆணியடித்த படகு அலை மோதினால் விறைத்து உடையும். தைத்த படகு அலைக்கேற்ப நெளியும். அங்கே தச்சனின் முதற்கருவி துறப்பணம். கயிறோ வில்லோ கொண்டு முன்னும் பின்னும் சுழற்றித் துளையிடும் கருவி அது.

ஏட்டில் எழுதிவைத்தவரும் நம்மிடையே இல்லாமற் போகவில்லை. ‘கப்பல் சாத்திரம்’ என்னும் நூல் சுவடியிலிருந்து 1950ஆம் ஆண்டு சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலக வெளியீடாக அச்சேறியது. மரத்தின் குணமும் குற்றமும், கலத்தின் அளவும், நாளும் கோளும் அதில் பேசப்படுகின்றன. ஆயினும் உளியை எப்படிப் பிடிப்பது, எந்த ஓசையில் அடியை நிறுத்துவது என்பவை சுவடியில் அடங்கா. அவை தந்தை கையிலிருந்து மகன் கைக்குச் சென்றவை.

அக்கைகளின் வன்மைக்குச் சான்று வேண்டுமா? யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பலை ராபின்சன் என்னும் அமெரிக்கர் விலைக்கு வாங்கினார். வல்வெட்டித்துறைத் தமிழ் மாலுமிகளே அதனைச் செலுத்திச் சென்று, 1938ஆம் ஆண்டு அமெரிக்காவின் குளௌஸ்டர் துறையில் சேர்த்தனர். இந்துமாக்கடலையும் அட்லாண்டிக் பெருங்கடலையும் தாங்கிய அதன் பக்கங்களை அடைத்தது இத்தகைய மழுங்கிய உளியே.

ஆனால் அதற்கு முன்பே காலம் திசை மாறியிருந்தது. 1906ஆம் ஆண்டு தூத்துக்குடியில் சுதேசிக் கப்பற் கழகத்தை நிறுவிய வ. உ. சிதம்பரனார், புனேயின் திலகரைத் தம் அரசியல் ஆசானாகக் கொண்டவர். தோணி கட்டத் தெரிந்த ஊரில் பிறந்த அக்கழகத்துக்குத் தோணி போதவில்லை. நீராவிக் கப்பல் தேவைப்பட்டது. காலியா, லாவோ என்னும் அக்கப்பல்களை அயலாரிடமிருந்து விலைக்குப் பெறவேண்டியதாயிற்று. இரும்பும் நீராவியும் ஆட்சிக்கு வந்ததும் வாச்சியின் இடத்தைத் தறையாணிச் சுத்தி பிடித்தது. அடைக்க இடுக்கு இல்லாததால் கலப்பற்றுக்காரனுக்குப் பெரிய துறைகளில் வேலை இல்லாதொழிந்தது. சிறு துறைகளில் அவன் கை இன்னும் ஓயவில்லை. எனினும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் தமிழ்நாட்டுக் கரையில் கண்ணாடியிழைப் படகுகள் பல்கின. மரவேலையின் தேவை மேலும் சுருங்கிற்று. இதில் எவரையும் நோவதற்கில்லை. மீனவனுக்கு வேண்டியது விரைவில் கிடைக்கும், எளிதில் செப்பனிடத்தக்க படகு. ஆனால் வேலை போகும்போது கருவி எடைக்குப் போகின்றது. கருவி போகும்போது சொல்லும் உடன் போகின்றது.

செப்பனிடும் முறை

அன்று முதல் யாம் கைக்கொண்ட முறையை, பழங்கருவி வைத்திருப்போர் பயன் கருதிச் சுருங்கச் சொல்வோம்.

முதலில் கருவியைத் தொடாமல் பார்க்க வேண்டும். எங்கே தேய்ந்துள்ளது, எங்கே அடிபட்டுள்ளது, எந்தப் பக்கம் கை பட்டு மினுங்குகின்றது என்று குறித்துக்கொண்டு, படமும் அளவும் எடுத்துவைத்தல் நலம். அதன் வேலை இன்னதென்று அறியும்வரை அதன் வாயில் கை வைத்தல் கூடாது. உதிரும் துருவை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, மென்மையான பித்தளைத் தூரிகையால் தேய்த்து எடுக்கலாம். அடியில் கருமை படிந்த இரும்பு தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். வெள்ளிபோல் மின்னும்வரை தேய்ப்பவர், முத்திரையையும் உலையடித் தழும்பையும் சேர்த்தே தேய்த்துவிடுவர்.

சாணைச் சக்கரம் ஆகாது. அதன் சூட்டில் இரும்பின் விளிம்பு நீலம் பாய்ந்து, கொல்லன் ஊட்டிய பதம் இறங்கிவிடும். வாச்சி போன்ற வெட்டும் கருவியை மட்டும், அதன் உட்சாய்வில், எண்ணெய்க்கல்லில் கையால் தீட்டலாம். மரப்பிடிக்கு ஆளிவிதை எண்ணெயை மெல்லப் பூசினால் போதும். வார்னிஷ் பூசினால் பழைய கையின் மெருகு மறைந்துபோகும். காளான்போல் விரிந்த உளித்தலையை, அடித்து வேலை செய்வதாயின் சிதறாமலிருக்க அராவத்தான் வேண்டும். காட்சிக்கு வைப்பதாயின் விட்டுவிடுவதே நலம். எத்தனை ஆயிரம் அடிகளின் கணக்கு அது! புனேயின் மழைக்காலத்தில் துரு விரைந்து பிடிக்குமாதலால், ஆனி முதல் புரட்டாசி வரை திங்களுக்கு ஒருமுறை எண்ணெய்த் துணியால் துடைத்தல் வேண்டும்.

இவை அனைத்தினும் மேலான விதி ஒன்று உண்டு: கேட்டறிதல். எம் வீட்டுக்கு வந்த பெரியவர் ஒரு மாலைப்பொழுதில் சொன்னவை பல. கலத்தின் அடிமரம் ஏரா. விலாவெலும்பு போன்றவை வங்கு. ஆணியைச் சுற்றிப் பஞ்சு வைத்து இறக்கும் முறை. மரம் கரையில் உலரும் காலம். அவற்றில் பாதியைத்தான் குறித்துக்கொண்டோம். அடுத்த முறை வரும்போது மறுபாதியைக் கேட்கலாம் என்றிருந்தோம். அவர் இன்று இல்லை.

கம்மியர் கூடிய மண்டபம்

இந்நகரில் தினகர் கங்காதர் கேல்கர் என்னும் பெருமகனார், இளமையில் இறந்த தம் மகன் ராஜாவின் நினைவாக ஓர் அருங்காட்சியகம் கண்டார். மன்னர் மணிமுடிகளை அவர் தேடவில்லை. பாக்குவெட்டி, விளக்கு, பூட்டு, கதவு, அடுக்களைப் பாத்திரம் என எளிய மக்களின் கைபட்ட பொருள்களை ஊர் ஊராய்ச் சென்று திரட்டினார். ஒரு பாக்குவெட்டிக்கும் வரலாறு உண்டு என்று காட்டிய நகரில் வாழும் நாம், நம் பெட்டிகளுக்குள்ளும் பரண்களின்மேலும் கிடப்பவற்றை ஒருமுறை எடுத்துப் பார்த்தல் வேண்டும். தச்சராய், கொல்லராய், தையற்காரராய் இங்கு வந்தோரும் நம் முன்னோருள் உண்டு. இழைப்புளியை ‘ரந்தா’ என்றும், வாளை ‘கர்வத்’ என்றும், அரத்தைக் ‘கானஸ்’ என்றும் மராத்தியில் சொல்லத் தெரிந்த பிள்ளைகள் நம்மில் சிலராவது இருப்பர். அவற்றின் தமிழ்ப் பெயர் தெரிந்தோர் அவரினும் சிலரே. இரண்டையும் அறிந்திருப்பதே இங்கு வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு அழகு.

மணிமேகலைக் காப்பியத்தில் சோழ வேந்தனின் மண்டபம் ஒன்று வருணிக்கப்படுகின்றது. அதைக் கட்டியோர் தமிழ்நாட்டு வினைஞர் மட்டுமல்லர். அவரோடு சேர்ந்து உழைத்தவருள் மகதத்தாரும் அவந்தி நாட்டாரும் யவனரும் உண்டு. மராட்டக் கம்மியரும் உண்டு. அன்று மராட்டியக் கம்மியன் நம் நாட்டுக்கு வந்தான். இன்று நாம் அவன் நாட்டில் வாழ்கின்றோம். அரசர்களின் எல்லைகள் பலமுறை அழிந்து எழுதப்பட்டன. கருவி பிடித்த கைகளோ எல்லை பாராமல் கூடியே வேலை செய்தன. ஷெப்பீல்டு இரும்பில் கருவேலங்காம்பு கோத்தவனும், போர்ச்சுகீசியச் சொல்லைத் தமிழாக்கிக் கொண்டவனும் அம்மண்டபத்துக் கம்மியரின் வழிவந்தோரே.

எம் மேசைமேல் இன்று இரண்டு உளிகளும் அருகருகே இருக்கின்றன. தீட்டாத உளி எண்ணெய் பூசிக் கருமையாய் இருக்கின்றது. தீட்டியது இன்னும் பளபளக்கின்றது. காண வருவோர் கை முதலில் பளபளக்கும் உளியின் மேலேயே செல்கின்றது. அதை வாங்கி வைத்துவிட்டு மற்றதை அவர் கையில் கொடுத்து, விளிம்பிலுள்ள பள்ளத்தை விரலால் தடவிப் பார்க்கச் சொல்கின்றோம்.